பெயர்ப் பட்டியல் எங்கள் கையில்

ரத்ததானக் குழு நடத்துகிறோம். குளம் தூர்வாருகிறோம். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறோம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இயங்கும் தன்னார்வ அமைப்புகளான எங்களில் பலருக்கு அலுவலகமே கிடையாது. வாட்ஸ்அப் குழுவும் ஃபேஸ்புக் பக்கமும்தான் முகவரி. இந்தத் தளங்களை நாங்கள் பழிக்கவில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது படகு வைத்திருந்தவரையும் மொட்டைமாடியில் தவித்தவரையும் சேர்த்துவைத்ததில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆனாலும் பட்டா இல்லாத இடத்தில் குடியிருப்பவர்களின் நிலைதான் எங்களுடையது. 2021 பிப்ரவரி 18 அன்று ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். செய்திகளுக்குப் பணம் தரவேண்டும் என்ற சட்டவரைவு தொடர்பாக அந்நாட்டு அரசுக்கும் ஃபேஸ்புக்குக்கும் தகராறு. செய்தி நிறுவனங்களின் பக்கங்களை ஃபேஸ்புக் முடக்கியபோது, பசித்தவர்களுக்கு உணவு சேர்க்கும் ஃபுட்பேங்க் ஆஸ்திரேலியாவின் பக்கமும் வெறுமையானது. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் அமைப்புகளும் தப்பவில்லை. பெருந்தொற்றுக் காலம் வேறு. தவறுதலாக நடந்துவிட்டது என்றார்கள். பக்கங்கள் திரும்பி வந்தன. இடையில் உதவி தேடி வந்தவர்கள் எங்கே போனார்கள் என்று யார் கணக்கெடுத்தது?

தகராறே இல்லாமலும் கதவு சாத்தப்படும். வாங்கும் பொருளின் விலையில் 0.5 சதவீதத்தைத் தொண்டு நிறுவனங்களுக்குத் தந்துவந்த அமேசான் ஸ்மைல் திட்டம், 2023 ஜனவரியில் வந்த அறிவிப்புக்குப் பின் பிப்ரவரியில் நின்றுபோனது. மின்னஞ்சல் குழுக்களுக்கு இடம் தந்த யாஹூ குரூப்ஸும் 2020இல் மூடப்பட்டது.

சேர்ந்து நின்றதற்குப் பலன் கிடைத்ததும் உண்டு. தொண்டு நிறுவனங்கள் பெரிதும் பயன்படுத்தும் டாட் ஆர்க் முகவரிகளின் நிர்வாகத்தை 113.5 கோடி டாலருக்குத் தனியார் முதலீட்டு நிறுவனத்திடம் விற்க 2019இல் ஏற்பாடானது. உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. 2020 ஏப்ரல் 30 அன்று, இணைய முகவரிகளை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு அனுமதி மறுத்தது.

ஆகவே ஒரு கூட்டமைப்பாகச் சேர்கிறோம். தளங்களை விட்டு வெளியேறச் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்கள் நள்ளிரவில் ஓ நெகட்டிவ் தேடி அலைந்ததில்லை. எங்கள் முதல் கோரிக்கை எங்களிடமே: கொடையாளர் பட்டியலின் பிரதி அமைப்பிடம் இருக்கவேண்டும். அட்மின் துபாய்க்கு வேலைக்குப் போனால் குழுவே அநாதையாகக் கூடாது. பாஸ்வேர்டு இருவரிடமாவது இருக்கட்டும். இணைய முகவரி, அதை அமைத்துக்கொடுத்த தம்பியின் பெயரில் அல்லாமல் அறக்கட்டளையின் பெயரில் பதிவாகட்டும். அழும் குழந்தையின் முகத்தைப் போட்டால் பதிவு பரவும் என்பது எங்களுக்கும் தெரியும். போடமாட்டோம். எந்தப் பணியைச் செய்வது என்பதை லைக் எண்ணிக்கை தீர்மானிக்கும் நிலைக்கு இறங்கமாட்டோம்.

தளங்களிடம் கேட்பது இரண்டு: ஒரு தொண்டு அமைப்பின் பக்கத்தை முடக்குமுன் தமிழில் பேசக்கூடிய மனிதர் ஒருவர் காரணம் சொல்லவேண்டும், வெளியேறும்போது எங்கள் தகவல்களை எடுத்துச்செல்ல வழி வேண்டும்.

சேர விரும்பும் அமைப்பு சந்தா கட்டவேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், குழுவில் உள்ளவர்களின் எண்களை அவரவர் சம்மதத்தோடு ஒரு நோட்டில் எழுதி, அதைப் பார்த்துப் பத்துப் பேருக்குப் போன் செய்து சரிபார்த்துவிட்டு வரட்டும்.