மரபணு ஆராய்ச்சிக்கு பயோமெடிக்கல் படிப்பு சரிதானா?

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்காகவே பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் வாங்கப்படுகிறது. இன்டர்நெட் இணைப்பு வந்தவுடன் எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்ற தேடலும் தொடங்கிவிடுகிறது. "மரபணு ஆராய்ச்சிக்குப் போக ஆசை, பி.இ. பயோமெடிக்கல் என்ஜினீயரிங் சேரலாமா?" என்ற கேள்வி அதில் ஒன்று. பெயரில் 'பயோ' இருக்கிறது, 'மெடிக்கல்' இருக்கிறது, கையில் என்ஜினீயரிங் பட்டமும் கிடைக்கிறது. ஆனால் பெயரை மட்டும் பார்த்து நான்கு ஆண்டுகளையும் கட்டணத்தையும் கொடுத்துவிடக் கூடாது என்பது என் கருத்து.

பயோமெடிக்கல் என்பது அடிப்படையில் மருத்துவக் கருவிகளுக்கான படிப்பு. எலக்ட்ரானிக் சர்க்யூட், சிக்னல் பிராசசிங், இ.சி.ஜி. கருவி, ஸ்கேன் படங்கள் ஆகியவையே இதில் முக்கியப் பாடங்கள். உடற்கூறியலும் உண்டு. மரபியலுக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. மரபணு எப்படி வேலை செய்கிறது என்பதுதான் உங்கள் ஆர்வம் என்றால் பி.டெக். பயோடெக்னாலஜி, பி.எஸ்சி. உயிரியல் பிரிவுகள், ஐசர் நிறுவனங்களின் பி.எஸ்.-எம்.எஸ். ஆகியவையே நேர் வழி.

அப்படியானால் பயோமெடிக்கலுக்கும் மரபணுவுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. 2023ல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த 'காஸ்ஜெவி' என்ற சிகிச்சையைப் பாருங்கள். இது சிக்கிள் செல் என்னும் ரத்த நோய்க்கானது. நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் 1952லேயே கண்டறியப்பட்ட நோய் இது. கருவில் இருக்கும்போது உருவாகும் ஹீமோகுளோபினைப் பிறந்தபின் அடக்கி வைப்பது எந்த மரபணு என்று கண்டுபிடித்தது மரபியல். அதை வெட்டும் பொருளை, நோயாளியின் செல்லுக்குள் மின் துடிப்பு கொடுத்துச் செலுத்துவது என்ஜினீயரிங். இரண்டும் தேவை. இதில் எந்த வேலை உங்களை இழுக்கிறது என்பதுதான் கேள்வி.

"பி.இ. என்றால் வேலையாவது கிடைக்கும்" என்று பெற்றோர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சியாளராக வேண்டுமானால் எந்தப் பட்டத்துடனும் நின்றுவிட முடியாது, பி.எச்டி. வரை போயாக வேண்டும். அதற்குள் உயிரியலைக் கற்றே தீர வேண்டும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் பி.எச்டி. பெற்றபின் மீண்டும் மாணவராக உயிரியல் படிக்கப் போனார். 2009ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்பிரமணியன் வேதியியல் படித்தவர். மரபணுத் தொகுதியை மிகக் குறைந்த செலவில் படிக்கும் முறையைக் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர். ஆக, வேறு பட்டம் பெற்றவர்களுக்குக் கதவு மூடப்படுவதில்லை. ஆனால் விடுபட்டதைத் தானே தேடிப் படிக்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன் உங்கள் புது கம்ப்யூட்டரிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். அமெரிக்க அரசின் என்.சி.பி.ஐ. தளம் இலவசம். அதில் 'நியூக்ளியோடைட்' பிரிவைத் தேர்ந்தெடுத்து, என்எம்_000518 என்று ஆங்கிலத்தில் டைப் செய்திடுங்கள். ஹீமோகுளோபினின் ஒரு பகுதிக்கான மரபணுத் தகவல் திரையில் வரும். 'சி.டி.எஸ்.' என்ற இணைப்பில் கிளிக் செய்தால், புரதத்திற்கான 444 எழுத்துகள் தனியே காட்டப்படும். அதில் 20ஆவது எழுத்து 'ஏ'. அது 'டி' என்று மாறினால் அதுவே சிக்கிள் செல் நோய்க்குக் காரணம்!

இதைக் காப்பி செய்து நோட்பேடில் சேமிக்கலாம். (மனிதனின் முழு மரபணுத் தொகுதியை அப்படித் திறக்க முயல வேண்டாம், அது சுமார் 300 கோடி எழுத்துகள். கம்ப்யூட்டர் திணறிவிடும்.) இதே போன்ற வரிசை வேறு எந்த உயிரினங்களில் உள்ளது என்று அதே தளத்தின் 'பிளாஸ்ட்' புரோகிராமில் தேடுங்கள். தேடல் அவர்களுடைய சர்வரில் நடப்பதால் சாதாரண கம்ப்யூட்டரே போதும். பைத்தான் மொழியையும் இலவசமாக டவுன்லோட் செய்து, அந்த 444 எழுத்துகளில் எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு எழுத்து மாறினால் நோய் ஏன் வருகிறது என்று மேலும் தேடத் தோன்றினால் உயிரியல் பக்கம் போங்கள். இதைப் படிக்கும் கருவி எப்படி இயங்குகிறது என்று கேட்கத் தோன்றினால் பயோமெடிக்கல் உங்களுக்கு ஏற்றதே. சேரும் முன் அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தை டவுன்லோட் செய்து, எட்டு செமஸ்டர்களிலும் மரபியல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிவிடுங்கள். விளம்பரம் சொல்லாததை அது சொல்லிவிடும்.