முதலாளி படத்தை யார் பார்ப்பார்கள்?

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி. சென்னையை அடுத்த ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

அங்கே மருத்துவ இன்சூரன்ஸ் உண்டு. பணம் கட்டினால் தாய் தகப்பனையும் அதில் சேர்க்கலாம். அதற்கு ஒரு கெடு.

கெடு முடிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாது!

அடுத்த மாதமே தாயாருக்குக் கண் ஆபரேஷன். வளையல் அடகுக் கடைக்குப் போனது.

"அறிவிப்பு போட்டிருந்தோமே!" என்றார்கள் ஆபீசில்.

உண்மைதான். எங்கே போட்டார்கள்? "இன்ட்ராநெட்"டில்!

இன்ட்ராநெட் என்றால் என்ன? கம்பெனி ஆட்கள் மட்டும் பார்க்கும் இணையதளம். வெளி ஆள் நுழைய முடியாது. ஆபீஸ் வாசலில் நோட்டீஸ் பலகை தொங்குமே, அதுதான் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது.

பலகையில் ஒரு வசதி உண்டு. டீ குடிக்கப் போகிறவன் கண்ணில் தானாகப் படும். இது படாது. தேடிப் போய்த் திறக்க வேண்டும்.

திறந்தால்? முதலாளி விருது வாங்கும் படம். முதலாளி குத்துவிளக்கு ஏற்றும் படம். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். லீவு எத்தனை நாள் பாக்கி என்று பார்க்க ஏழு இடத்தில் தட்ட வேண்டும்.

"தொழிலாளிகளுக்கு அக்கறை இல்லை" என்று நிர்வாகம் குறைப்படுகிறது. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இணையதளம் பிறந்த கதையே எனக்குச் சாட்சி.

ஜெனீவா நகருக்குப் பக்கத்தில் "செர்ன்" என்ற பெரிய ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்தார்கள். பலர் இரண்டு வருடம் இருப்பார்கள், போய்விடுவார்கள். அவர்களுக்குத் தெரிந்ததும் அவர்களோடு போய்விடும்.

இதற்கு வழி செய்ய, அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று உலகமே பார்க்கும் இணையதளம். ஆம், ஒரு ஆபீசின் உள்வேலைக்காகப் பிறந்தது!

செய்து வைத்தால் போதுமா? ஆட்கள் வர வேண்டாமா? அங்கே ஆட்களை இழுத்தது எது தெரியுமா?

டெலிபோன் டைரக்டரி!

பெரிய கம்ப்யூட்டரில் இருந்த அந்தப் பட்டியலை இதிலும் பார்க்கும்படி செய்தார்கள். நம்பர் தேடி வந்தார்கள். வந்தவர்கள் பழகிக்கொண்டார்கள்.

நம் கம்பெனிகளும் அதைச் செய்யட்டும். சம்பளச் சீட்டு, லீவுக் கணக்கு, பி.எப். கணக்கு, கம்பெனி பஸ் நேரம், இன்சூரன்ஸ் கெடு. இவை முதல் பக்கத்தில் வரட்டும். தமிழில் வரட்டும். கையில் இருக்கும் போனிலேயே திறக்கட்டும். (குத்துவிளக்குப் படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடைசியில் போடுங்கள்!)

இன்னொன்று. தொழிலாளி கேள்வி கேட்கவும் அதில் இடம் வேண்டும். பதில் சொல்ல வேண்டியவர் யார், அவர் நம்பர் என்ன என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். கான்டீன் சாம்பாரைக் குறை சொன்னவனை மானேஜர் அறைக்குக் கூப்பிட்டு விசாரித்தால், அப்புறம் ஒருவனும் வாய் திறக்க மாட்டான். "எல்லாரும் திருப்தியாக இருக்கிறார்கள்" என்று நிர்வாகம் நினைத்துக்கொள்ளும்.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த கெடு வருகிற ஏப்ரலில். தேதியை இன்ட்ராநெட்டில் அவள் பார்க்கவில்லை. கூட வேலை செய்யும் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.