செர்ரி ரகசியம்

ஆபீஸ் விட்டுத் திரும்பும் வழியில் ஒரு சின்ன ஐஸ்க்ரீம் கடை. பெரிய கம்பெனி சரக்கு கிடையாது. பாலைக் காய்ச்சி அவர்களே போடுகிறார்கள். சம்பள நாள் தைரியத்தில் உள்ளே நுழைந்து 'செர்ரி சாக்கோ சிப்' ஒரு கப் வாங்கினேன். 90 ரூபாய்.

முதல் ஸ்பூன் பிரமாதம். நிஜப் பால் வாசனை.

சாக்லெட் துண்டுதான் மெழுகுவர்த்தியைக் கடித்த மாதிரி இருந்தது. கடைக்காரரைத் திட்டாதீர்கள். கோகோ வெண்ணெய் உருகச் சுமார் 34 டிகிரி சூடு வேண்டும். ஐஸ்க்ரீமில் விறைத்துப் போன நாக்குக்கு அது ஏது? வாயில் அடக்கிக்கொண்டு பொறுமையாக இருந்தால் மெள்ள வழிக்கு வருகிறது, நம் மானேஜர் மாதிரி.

அடுத்தது செர்ரி. ஏக சிவப்பு, ஏக இனிப்பு. ஆனால் கடைசியில் ஏதோ பழகின புளிப்பு.

"இது எந்த ஊர் செர்ரிங்க?"

கல்லாவில் இருந்த பெரியவர் சிரித்தார். "செர்ரியாவது! களாக்காய் சார். கொட்டைய எடுத்துட்டு, கலர் போட்டு, சர்க்கரைப் பாகுல ஊறவெச்சது. நிஜ செர்ரி போட்டா இந்த விலைக்குக் கட்டாது."

பள்ளிக்கூட நாட்களில் கையெல்லாம் முள் கிழிக்க, டிராயர் பாக்கெட் நிறையப் பறித்து உப்பு தொட்டுத் தின்ற அதே களாக்காய். அப்போது ஓசி.

கேட்டதும் உண்மையைச் சொன்ன மனுஷரிடம் கோபம் வரவில்லை. "அப்போ போர்டுலயே 'களாக்காய் சாக்கோ சிப்'னு எழுதிடலாமே?" என்றேன்.

"எழுதலாம் சார். எழுதியிருந்தா நீங்க உள்ளே வந்திருப்பீங்களா?"

பதில் சொல்லாமல் கப்பை வழித்தேன்.