விளக்கெரித்தவர் யார்? வயிறெரிபவர் யார்?

தம்பி,

திருவண்ணாமலைக்குப் போனால், செங்கம் சாலையில் நடந்து இரமணாசிரமப் பகுதியை ஒருமுறை சுற்றிப் பார்! 1896ஆம் ஆண்டு மதுரையை விட்டு வந்த 16 வயது இளைஞர் ஒருவர், காசையும் உதறி, காணியையும் கருதாது அமர்ந்த மலையடிவாரம் அது. இன்று அங்கே ஒரு முழ மண்ணும் விலை பேசப்படாமல் இல்லை. குளிர்காலத்தில் கடல் கடந்து வருவோர் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். முன்கட்டு அவர்களுக்கு, பின்கட்டு, பூத்தொடுப்பவருக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும் அடுப்படி வேலைக்குப் போகிறவருக்கும். குடும்பங்கள் நான்கு, மீட்டரோ ஒன்று!

2,668 அடி உயர மலைமுகட்டில் ஆண்டுதோறும் தீபம் ஏற்றும் ஊர் அது என்பதை நாடறியும். நான் பேச வந்தது அந்தத் தீபத்தைப் பற்றி அல்ல, தம்பி. மலையடிவாரத்துப் பின்கட்டில் தொங்கும் ஒற்றை விளக்கைப் பற்றி!

வீட்டுக்காரர் ஒருவர் வழக்குமன்றம் ஏறியிருப்பதாக எண்ணிக்கொள். குடியிருந்தவர் மின்கட்டணம் கட்டவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். "பாக்கியைத் தீர்த்தால்தான் மறு இணைப்பு" என்கிறது மின்வாரியம். கீழ்மன்றமும் "கட்டு" என்றுவிட்டது. கொதிக்கிறார் வீட்டுக்காரர். "எரித்தவன் அவன், கட்டுபவன் நானா?" என்று மேல்முறையீட்டுக்குக் கிளம்புகிறார். இப்படிப்பட்ட வழக்குகள் நாடெங்கும் உண்டு. அவர் கேட்பதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பாதி நியாயம் இருக்கிறது.

சட்டமே இந்தக் கேள்விக்கு இருமுகம் காட்டியிருக்கிறது. 1995இல் ஈஷா மார்பிள்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், ஏலத்தில் சொத்து வாங்கியவரிடம் முன்னவர் வைத்துப்போன மின்பாக்கியைக் கேட்க அன்றிருந்த சட்டத்தில் இடமில்லை என்றது. மின்வாரியங்கள் சில அதற்கு முன்பும், சில அதற்குப் பின்னரும், 'பழைய பாக்கி தீர்ந்தால்தான் புதிய இணைப்பு' என்று தத்தம் விதிகளில் எழுதிக்கொண்டன. அந்த விதிகள் செல்லுமா? செல்லும் என்று 2023 மே 19ஆம் நாள், கேரள மின்வாரியம் தொடர்பான வழக்கிலும் அதனுடன் சேர்ந்த பிற வழக்குகளிலும், அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் அமர்ந்த மூவர் ஆயம் தீர்ப்பளித்தது. ஏலத்தில் வாங்கியவருக்கே இந்த நிலை என்றால், தன் பெயரிலேயே இணைப்பை வைத்திருக்கும் வீட்டுக்காரர் எந்த வாயால் மறுப்பது? வாரியத்தின் ஏட்டில் நுகர்வோர் அவரன்றோ!

"என் பெயரில் இருந்தால் என்ன, எரித்தவன் அவன்தானே?" என்பார். அங்கேதான் தம்பி, நாம் அவரை நிறுத்தி ஒரு கேள்வி கேட்கவேண்டும். இணைப்பு ஏன் ஐயா உங்கள் பெயரிலேயே இருக்கிறது?

குடியிருப்பவர்: ஐயா, எங்களுக்கென்று தனி மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்கிறேன். உங்கள் ஒப்புதல் கையெழுத்து ஒன்று...

வீட்டுக்காரர்: கையெழுத்தா? நாளைக்கு அதையே ஆதாரமாகக் காட்டி, காலி செய்யமாட்டேன் என்பாய்!

குடியிருப்பவர்: அப்படியானால் மின் அட்டையையாவது காட்டுங்கள். எத்தனை யூனிட் என்று பார்த்து...

வீட்டுக்காரர்: யூனிட்டுக்கு நான் சொல்வதுதான் கணக்கு. பிடிக்காவிட்டால் வேறு வீடு பார்!

இதை மேடையேற்றினால் கைதட்டல் கிடைக்காது. கொட்டகையில் இருப்போர் பாதிப்பேர் வீட்டில் நாள்தோறும் நடப்பதைக் காசு கொடுத்து எவர் பார்ப்பார்?

மீட்டரைத் தன் பெயரில் வைத்துக்கொள்வது குடியிருப்பவரை வேரூன்ற விடாமல் வைத்திருக்க. பாக்கி வந்ததும் 'எரித்தவன் அவன்' என்பது கைகழுவ. அதிகாரம் செலுத்தும்போது 'என் மீட்டர்', பணம் கேட்கும்போது 'அவன் மின்சாரம்' என்றால், எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் ஐயமின்றிச் சொல்லிவிட்டது: மின்சாரம் அடிப்படை வசதி, வீட்டுக்காரர் தடையின்மைச் சான்று தர மறுத்தார் என்பதற்காக வாடகைதாரருக்கு இணைப்பை மறுக்கலாகாது, விண்ணப்பித்தவர் அங்கே குடியிருக்கிறாரா என்று பார்த்தால் போதும்.

ஒரே மீட்டரால் ஏழை இழப்பது என்ன என்று கணக்குப் போட்டுப் பார். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் கட்டணமின்றித் தரும் திட்டம் 2016இல் வந்தது. நான்கு குடும்பங்கள், குடும்பத்துக்கு 150 யூனிட் என்று வை. தனித்தனி மீட்டர் இருந்தால் ஒவ்வொருவரும் 50 யூனிட்டுக்குப் பணம் கட்டினால் போதும். நால்வருக்கும் சேர்த்து 200. ஒரே மீட்டரில் ஓடினால் 600 யூனிட். அதில் கட்டணமில்லாதது 100 மட்டுமே. மீதி 500க்கும் பணம்! மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டியதால் கட்டண விகிதமும் மேல்படிக்கு ஏறிவிடும். அரசு கொடுத்த சலுகை அடுத்த தெருவரை வந்து, பின்கட்டுக்குள் நுழையாமல் திரும்பிப் போகிறது.

ஒரு வீட்டை மட்டும் நம்பி, அதன் வாடகையில் அரிசி வாங்கும் கைம்பெண்களும் வீட்டுக்காரர்களே. அவர்களை மறந்து நான் பேசவில்லை. குடியிருப்பவர் பெயரில் தனி இணைப்புக்கு மனமுவந்து ஒப்புதல் தந்தவர் தலையில், அவர் எரிக்காத விளக்கின் கடனைச் சுமத்துவது முறையன்று. அங்கே கடன், பட்டவரைத் தொடரட்டும். அவர் கட்டிய வைப்புத்தொகை வாரியத்திடம் இருக்கிறதே! ஒப்புதல் தர மறுத்தவருக்கு மட்டும் அந்த விலக்கு கூடாது. முன்பணமாக வாங்கி வைத்த தொகையில் கழித்துக்கொள்ளட்டும். குறைந்தால், ஓடியவர்மீது வழக்குத் தொடரட்டும்.

வழக்கு எவர் பக்கம் முடிந்தாலும், அது நடக்கும் காலமெல்லாம் இருட்டில் இருப்பவர் யார்? பாக்கி வைத்து ஓடியவர் அல்லர். வழக்கறிஞர் அறையில் மின்விசிறிக் காற்று வாங்கும் வீட்டுக்காரரும் அல்லர். விவரம் அறியாமல் முன்பணம் கொடுத்துப் புதிதாகக் குடிவந்த குடும்பம்! அமெரிக்காவின் சியாட்டில் நகரில், முன்னிருந்தவர் வைத்த பாக்கிக்காகப் புதுக் குடித்தனக்காரருக்குத் தண்ணீர் தர மறுத்தது நகர நிர்வாகம். கடன்படாதவரைக் கடனாளி போல நடத்துவது சட்டத்தின்முன் யாவரும் சமம் என்பதற்கு முரண் என்று, நம் ஈஷா மார்பிள்ஸ் தீர்ப்பு வந்த அதே 1995இல், அங்குள்ள மேல்முறையீட்டு மன்றம் கூறியது. நம் விதிகளிலும் அந்த ஒரு வரி ஏறவேண்டும் என்று நாம் கேட்கவேண்டும்.

அது ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், குடியிருப்பவருக்கு மின்சாரத்தையும் தண்ணீரையும் வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது என்கிறது. நிறுத்தியவர்மீது வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். நீ செய்யவேண்டியது, உன் வட்டத்தில் வீடு வீடாகச் சென்று, குடும்பம் எத்தனை, மீட்டர் எத்தனை, யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்வது. தனி இணைப்பு மறுக்கப்பட்டவர் இருந்தால், வாடகை ஒப்பந்தத்தோடு மின்வாரியப் பிரிவு அலுவலகத்திற்கு நீயே உடன் செல். ஒப்பந்தமே எழுதப்படவில்லை என்பார்கள் பலர். முதலில் அதை எழுதவை. செங்கம் சாலைத் தோழர்கள் கார்த்திகைக்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. வெளியூர்க் கூட்டம் வந்து வாடகை ஏறத் தொடங்கிவிட்டால், பின்கட்டில் இருப்பவர் வாய் திறக்க அஞ்சுவார்.