தேடச் சொன்னோம், காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை

சேரியிலிருந்து ஒரு பெண் காணாமல் போனால் ஸ்டேஷனில் கேட்கிற முதல் கேள்வி, 'எவன்கூட போனா?' என்பதுதான். எப்போது போனாள், என்ன உடுத்தியிருந்தாள், கையில் காசு இருந்ததா என்பதெல்லாம் அப்புறம். ஊர்த்தெருவிலிருந்து ஒரு பெண் காணாமல் போனாலோ கேள்வியே கிடையாது. ஜீப் நேராகச் சேரிக்கு வரும். எங்கள் அடுப்பங்கரை வரைக்கும் பூட்ஸ் கால் நுழையும். சித்தப்பன், பெரியப்பன், கூடப் படித்தவன் என்று கையில் கிடைத்தவனையெல்லாம் வண்டியில் ஏற்றுவார்கள். 'பையன் எங்க இருக்கான்னு சொல்லிட்டு நீ போய்க்கிட்டே இரு' என்பார்கள்.

காணாமல் போனவரைத் தேடுவது என்கிற ஒரே வேலைக்கு இங்கே இப்படி இரண்டு முறை. ஒன்றில் தேடுதல் நடக்காது, விசாரணை மட்டும் நடக்கும். அதுவும் அந்தப் பெண்ணின் நடத்தை பற்றி. இன்னொன்றில் தேடுதல் அசுர வேகத்தில் நடக்கும். செல்போன் டவர், கால் லிஸ்ட், பக்கத்து மாநிலப் போலீஸ் எல்லாம் ஒரே ராத்திரியில் வேலை செய்யும். இந்த இரண்டுக்கும் நடுவில் 'அந்தரங்கம்' என்று ஒரு உரிமை இருப்பதாக 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். அது அடிப்படை உரிமை என்றார்கள். அந்த உரிமை இன்னும் ரைட்டர் மேஜை வரைக்கும் வந்து சேரவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான்: ஆள் காணாமல் போன வழக்குகளில் போலீஸ் எதை வெளியே சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதைச் சாதி தீர்மானிக்கிறது. மறைக்க வேண்டியதைச் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதை மறைக்கிறார்கள். இரண்டிலும் அழிவது நம் பிள்ளைகளும் நம்மோடு வாழ வந்த பிள்ளைகளும்.

பிள்ளையைக் காணோம் என்று ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாக்களோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் தெரு அக்கா ஒருத்தி, கூலிவேலை செய்கிறவள், மகளைக் காணோம் என்று அழுதுகொண்டு நின்றாள். உள்ளே பத்துப் பேர் இருந்தார்கள். வரப்புத் தகராறுக்கு வந்தவன், டீ கொண்டுவந்த பையன், பெஞ்சில் சாய்ந்திருந்த கட்சிக்காரர். அத்தனை பேர் காதிலும் விழ ரைட்டர் கேட்டார்: "ராத்திரியில யார்கூட போன்ல பேசுவா? மாசாமாசம் சரியா தலைக்குக் குளிச்சாளா?"

"ஐயா, மொதல்ல புள்ளயத் தேடுங்க சாமி."

"தேடறதுக்குத்தாம்மா கேக்கறேன். ஒழுங்கா வளத்திருந்தா நீ ஏன் இங்க வரப்போற?"

மனு ரசீது கேட்டோம். நாளைக்கு வாருங்கள் என்றார்கள். ரசீது கைக்கு வர நான்கு நாள் ஆனது. 'மாசமா இருந்துச்சாம், அதான் ஓடிப்போச்சாம்' என்ற பேச்சு அன்று சாயங்காலமே ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண் பதினோரு நாள் கழித்து வந்தாள். வேலை செய்த கடையில் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டதால், கூட வேலை பார்த்தவள் ஊருக்குப் போய் வேறு வேலை தேடியிருக்கிறாள். விசயம் அவ்வளவுதான். ஆனால் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது யார் என்று எந்த அதிகாரி விசாரித்தார்? ஓடுகாலி என்ற பட்டத்தை எந்த ரிஜிஸ்டரில் போய் அடிப்பது?

இது ஒரு ரைட்டரின் வாய்த்துடுக்கு என்று நினைக்க வேண்டாம். சட்டத்தின் மொழியிலேயே இந்தக் கோணல் இருக்கிறது. காணாமல் போன பெண்களையும் சிறுவர் சிறுமியரையும் தேடுவதற்கு 2002இல் சுப்ரீம் கோர்ட் வழிமுறைகள் வகுத்தது. புகார் வந்து ஒரு வாரத்துக்குள் பத்திரிகையிலும் டிவியிலும் படம் வரவேண்டும், ரயில் நிலையம், பஸ் நிலையங்களில் ஒட்ட வேண்டும் என்றது. நல்லது. ஆனால் பெண்ணாக இருந்தால், அவள் மைனரோ மேஜரோ, பெற்றோர் அல்லது காப்பாளர் எழுதிக்கொடுத்த சம்மதம் இல்லாமல் படத்தை வெளியிடக் கூடாது என்றும் சொன்னது. இருபத்தைந்து வயதுக்காரியின் முகத்துக்கும் அப்பன்தான் பட்டாதாரர். காணாமல் போனவளிடம் எப்படிச் சம்மதம் கேட்பது என்பீர்கள். சரி. கிடைத்த பிறகாவது கேட்கலாம் அல்லவா? கிடைத்த பிறகும் அப்பனைத்தான் கூப்பிடுகிறார்கள்.

கைது செய்யத்தக்க குற்றம் என்று புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013 நவம்பரில் அரசியல் சாசன பெஞ்ச் தீர்ப்பளித்தது. மகள் கடத்தப்பட்டாள் என்று புகார் கொடுத்துப் பார்த்து, நடவடிக்கை இல்லாமல் கோர்ட்டுக்குப் போன தகப்பனால் வந்த தீர்ப்பு அது. நம் வக்கீல்கள் தினமும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த மைனர் பெண்ணின் பெயர்தான் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பின் பெயர். புகாரை வாங்காத போலீஸ்காரர் பெயர் யாருக்காவது தெரியுமா? எந்தப் பெயர் வெளியே வரும், எந்தப் பெயர் உள்ளே பத்திரமாக இருக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அரியலூர் மாவட்டத்தில் 2016 டிசம்பர் கடைசியில் 17 வயது தலித் சிறுமி காணாமல் போனாள். தாய் புகாரோடு அலைந்தார். புகாரைக் 'காணவில்லை' என்ற அளவில் சுருக்கிக்கொண்டார்கள், உடனே தேடவில்லை என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. 2017 ஜனவரி நடுவில் கிணற்றில் பிணமாகக் கிடைத்தாள். அதுவரை அவளைப் பற்றி ஒரு வரி வெளியே வரவில்லை. பிணமான பிறகு பெயர், படம், காதல் கதை, உடம்பின் நிலை எல்லாம் வந்தது. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு சொல்கிறது. செத்தவருக்கும் இது பொருந்தும் என்று 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. உயிரோடு இருந்தபோது தேடுவதற்கு உதவியிருக்கக்கூடிய விளம்பரம் கிடைக்கவில்லை. செத்த பிறகு வேண்டாத விளம்பரம் கிடைத்தது.

இதே பத்திரிகைகள் கொன்றவன் சாதியை எழுதும்போது மட்டும் 'குறிப்பிட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்', 'இரு பிரிவினரிடையே பதற்றம்' என்று பூசி மெழுகும். அந்தரங்கம் என்பது இவர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் கணக்கு.

இனி மறுபக்கம். 2003இல் புதுக்கூரைப்பேட்டையில் எங்கள் பையனையும் அவன் மணந்த வன்னியப் பெண்ணையும் காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். ஸ்டேஷனுக்குப் போன தகப்பனின் புகார் வாங்கப்படவில்லை. 2021இல் கடலூர் கோர்ட் தண்டித்தவர்களில் இரண்டு போலீஸ் அதிகாரிகளும் இருந்தார்கள். 2025இல் சுப்ரீம் கோர்ட்டும் தண்டனையை உறுதி செய்தது. ஒரு தகப்பனுக்கு 22 வருசம்.

2014இல் உசிலம்பட்டிப் பக்கம் தலித் பையனை மணந்து கேரளத்துக்குப் போன பெண்ணைப் போலீஸ் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தது. சில மாதங்களில் அவள் செத்துப்போனாள். உடலை அவசரமாக எரித்தார்கள். அந்த வழக்கில்தான் 2016 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம், சாதி கடந்து மணந்தவர்களைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று உத்தரவிட்டது. அடுத்து 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டும் பாதுகாப்பு இல்லங்கள், தனிப்பிரிவுகள் என்று உத்தரவு போட்டது.

உத்தரவெல்லாம் இருந்தது. 2024 ஜனவரி 2ஆம் தேதி பல்லடத்தில் என்ன நடந்தது? பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வந்த 19 வயதுப் பெண், அதே வயதுத் தலித் பையனை மணந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மகளைக் காணோம் என்று தகப்பன் புகார். போலீஸ் கண்டுபிடித்தது, அழைத்துவந்தது, தகப்பனிடம் ஒப்படைத்தது. மறுநாள் அவள் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டாள். பெற்றோர் கைதானார்கள். இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட் ஆனார்.

பத்தொன்பது வயது என்றால் மேஜர். அவள் காணாமல் போகவே இல்லை. தான் எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும், அவள் புருசனுக்குத் தெரியும். தெரியாதது சாதிக்கு மட்டும்தான். 'காணவில்லை' என்ற புகார் மனு, சாதி தனக்குத் தெரியாத முகவரியை அரசாங்கச் செலவில் கேட்டு வாங்குகிற மனுவாக மாறியிருக்கிறது. முகவரியைக் கொடுத்த கையும் கொலையில் பங்கு வகித்த கைதான் என்று சொல்ல எந்தச் சட்டப்பிரிவு இருக்கிறது? சஸ்பெண்ட் என்பது தண்டனையா?

நம் பக்கத்திலும் சில தோழர்கள் சொல்கிறார்கள்: 'அந்தரங்கம் என்பதெல்லாம் காம்பவுண்டு சுவர் வைத்த வீட்டுக்காரன் பேசுவது. ஒரே அறையில் ஏழு பேர் படுக்கிற சேரியில் ஏதுங்க அந்தரங்கம்?' இந்தப் பேச்சு முற்போக்கு மாதிரித் தெரியும். ஆனால் இதைத்தான் ரைட்டரும் நினைக்கிறார். இவர்களுக்கு மானம் ஏது, சத்தமாகக் கேட்டால் என்ன என்று நினைப்பதால்தான் பத்துப் பேர் நடுவில் ஒரு தாயிடம் மகளின் தீட்டைப் பற்றிக் கேட்க முடிகிறது. ஒரே அறையில் வாழ்கிறவர்களுக்குத்தான் அந்தரங்கத்தின் அருமை தெரியும். ஓலைத் தடுப்பு கட்டிக் குளிக்கிற பெண்ணுக்கு அதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் கேட்கிறார்கள். பெயரை மறைக்கச் சொன்னால் கொடுமையையே மறைத்ததாகாதா? நியாயமான கேள்வி. பிள்ளையின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்த தாய்களால்தான் பல வழக்குகள் வழக்காகவே ஆனது. 'எம்புள்ள பேரச் சொல்லு' என்று ஒரு தாய் கேட்டால் சொல்லத்தான் வேண்டும். அது அவள் எடுத்த முடிவு. ரைட்டர் டீக்கடையில் கசியவிடுவதும் தாய் ரோட்டில் கத்துவதும் ஒன்றல்ல. சொல்லுகிற உரிமையும் சொல்லாமல் இருக்கிற உரிமையும் பாதிக்கப்பட்டவருடையது.

'விவரம் சொல்லாமல் தேட முடியாதே' என்பது போலீஸ் வாதம். உயரம், நிறம், உடை, கடைசியாகப் பார்த்த இடம், உயிருக்கு மருந்து வேண்டியவரா என்பது போதும். யாரைக் காதலித்தாள், எத்தனை மாதம், என்ன சாதி என்பது நோட்டீசில் எதற்கு? இங்கிலாந்தில் 2023இல் ஒரு தாய் காணாமல் போனபோது, அவருக்கிருந்த குடிப்பழக்கத்தையும் மாதவிடாய் நிற்கும் பருவத்துச் சிக்கலையும் லங்காஷயர் போலீஸ் பத்திரிகைக்குச் சொன்னது. நாடே கண்டித்தது. அதைத் தவிர்த்திருக்கலாம், தேவையே இல்லை என்று போலீஸ் பயிற்சி அமைப்பின் ஆய்வறிக்கையே எழுதியது. மேஜரான ஒருவர் கிடைத்து, 'நான் இருக்கும் இடத்தைச் சொல்லாதீர்கள்' என்றால், உயிரோடு நலமாக இருக்கிறார் என்று மட்டும் குடும்பத்துக்குச் சொல்வது அங்கே வழக்கம். இங்கே அப்படி ஒருநாள் செய்திருந்தால் பல்லடத்துப் பெண் உயிரோடு இருந்திருப்பாள்.

எனவே நாம் கேட்பது இவைதான். புகார் கொடுத்த அன்றே எஃப்.ஐ.ஆர். நகல் கையில் வேண்டும். இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். எந்த நாளில் எங்கே தேடினார்கள், யாரை விசாரித்தார்கள் என்பதை எழுத்தில் தரவேண்டும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. காணாமல் போன பிள்ளைக்கு 90 நாள் என்பது பிணத்துக்கு வைக்கிற கெடு. வாரம் ஒருமுறை சொல்லட்டும். கிடைத்தவர் மேஜர் என்றால் அவரைத் தனியாக, குடும்பமும் சாதிச் சங்கமும் வாசலில் நிற்காத இடத்தில், வக்கீலோடு கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் முகவரி யாருக்கும் போகக் கூடாது, எம்.எல்.ஏ. போன் செய்தாலும் போகக் கூடாது. ஆள் கிடைத்ததும் சுவரில் ஒட்டிய படமும் இணையத்தில் போட்ட படமும் இறங்க வேண்டும். தலித் புகாரில் கடமையைச் செய்யாத அதிகாரிமீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு பாய வேண்டும். அந்தப் பிரிவு புத்தகத்தில் தூங்குவதற்காக எழுதப்பட்டதல்ல.

மாணவர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. புகாரோடு போகும் தாயைத் தனியாக அனுப்பாதீர்கள். ரைட்டர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும், 'இது தேடுவதற்கு எப்படி உதவும், எழுதிக்கொடுங்கள்' என்று கேளுங்கள். பாதிக் கேள்வி அங்கேயே நின்றுவிடும்.

எங்கள் பிள்ளையைத் தேடுங்கள். எப்படித் தேடினீர்கள் என்று எங்களுக்குக் கணக்குச் சொல்லுங்கள். அவள் யாரோடு இருந்தாள், ஏன் போனாள் என்பதை, சொல்ல வேண்டும் என்று தோன்றினால், அவளே சொல்லுவாள்.