கேற்றடியில் ஏழு நிமிடம்



சென்ற இதழில் இரவு வேலையையும் பிள்ளைகளின் பாடசாலை நேரத்தையும் எப்படிச் சமாளிப்பது என்று எழுதியிருந்தோம். இம்முறை பக்டரிக்குள் போகாமல் வழியிலேயே நிற்கப் போகிறோம். எங்கள் பக்டரிக்குப் போகும் றோட்டில் ஒரு றெயில்வே கேற் இருக்கிறது. பிரித்தானியாவில் புதிதாகக் குடியேறிய உங்களில் பலருக்கும் வேலைக்கோ கடைக்கோ போகும் வழியில் இப்படியொரு கேற் இருக்கும். அதை ஏற்றி இறக்கும் சிக்னல்காரரின் வேலையைப் பற்றித்தான் இந்த மாதம்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் நான்கு பேர் ஒரே காரில் வேலைக்குப் போகிறவர்கள். காலை ஆறு மணி வேலை. மாசி மாத இருட்டு, கண்ணாடியெல்லாம் பனி. ஐந்து ஐம்பதுக்குக் கேற் இறங்கிவிட்டது. சாமான் றெயில் ஒன்று ஆடி அசைந்து போய் முடிந்தது. கேற் எழும்பவில்லை. ஆறு மணிக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் எங்களுக்குக் கால்மணித்தியாலச் சம்பளம் வெட்டு. எங்களில் இளையவர், "நான் இறங்கி ஓடுறன், நீங்கள் காரைக் கொண்டு வாங்கோ" என்று சொல்லிக் கதவைத் திறந்தார். மற்ற மூவரும் மறிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் கெட்டிக்காரன் என்றே நினைத்தோம்.

அவர் கேற்றுக்குக் கீழே குனிந்தார். பக்கத்துச் சிக்னல் பெட்டியின் மேல் யன்னல் திறந்தது. ஒரு சத்தம் வந்தது. சொன்ன சொல் விளங்கவில்லை, குரல் விளங்கியது. இளையவர் பின்னால் பாய்ந்தார். பத்து எண்ணி முடிக்க முன்னம் மற்றப் பக்கத்திலிருந்து இன்னொரு றெயில் காற்றாகப் போனது. கார் குலுங்கியது. கேற் எழும்பிய பிறகும் நாங்கள் காரை எடுக்கவில்லை. பின்னால் நின்ற வான்காரர் ஹோண் அடித்த பிறகுதான் அசைந்தோம். கேற்றடியில் நின்றது மொத்தம் ஏழு நிமிடம். கால்மணித்தியாலச் சம்பளம் போனது. அதற்காக நாங்கள் ஒருநாளும் வருந்தவில்லை.

ஏன் குனிந்தார் என்று பிறகு எங்களுக்குள் கதைத்தோம். எங்கள் வயதுக்காரர் றெயிலோடு வளர்ந்தவர்கள் அல்லர். யாழ்தேவி 1956 இல் ஓடத் தொடங்கியது. 1990 இல் வடக்கே நின்றுபோனது. நாங்கள் அதற்குச் சற்று முன்பின் பிறந்தவர்கள். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குக் கூரையாகப் போய்விட்டன. றெயில் பாதை எங்களுக்கு ஆடு மேய்கிற ஒரு மேட்டு வழி. 2013 இல் கிளிநொச்சிக்கும் 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் றெயில் திரும்பி வந்தபோது நாங்கள் அங்கே இல்லை.

ஆனால் றோட்டுக்குக் குறுக்கே இறங்கும் கம்பத்தை எங்களுக்கு நன்றாகத் தெரியும். அது சென்றி. அங்கே மறிப்பவன் எங்களுக்காக மறிப்பதில்லை. ஓமந்தையில் வெயிலில் மணிக்கணக்காக நின்றவர்களுக்கு, கம்பம் என்றால் எப்படியாவது கடந்துபோக வேண்டிய ஒன்று. அந்தப் பழக்கத்தைத்தான் நாங்கள் இந்தக் கேற்றடிக்கும் கொண்டு வந்தோம்.

அடுத்த கிழமை அந்தச் சிக்னல்காரருக்குக் காலை வேலை. எங்களைப் போலவே இரண்டு மணிக்கு முடிகிறது. மன்னிப்புக் கேட்கப் போனோம். மேலே பெட்டிக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். அவர் இறங்கி வந்து கம்பி வேலியடியில் நின்று கதைத்தார். எங்கள் அப்பாமாரின் வயது. ஏசவில்லை. இளையவர் குனிந்த நேரம் 5.52 என்று தன் புத்தகத்தில் எழுதியிருப்பதாகச் சொன்னார். பிறகு சொன்னார்: "றெயிலுக்குப் பச்சை கொடுத்து முடிந்துவிட்டது. சிவப்புக்கு மாற்றியிருந்தாலும் அது நிற்கக்கூடிய தூரம் தாண்டிவிட்டது. என்னிடம் மிஞ்சியிருந்தது தொண்டை மட்டும்தான்." அன்று காலை வீட்டுக்குப் போய்ப் படுத்தும் நித்திரை வரவில்லையாம்.

அவர் விளங்கப்படுத்திய வேலையை எங்களுக்கு விளங்கியபடி எழுதுகிறோம்.

இந்தப் பாதையில் இன்னும் பழைய மணி முறைதான். றெயில் வருமுன் அடுத்த சிக்னல் பெட்டியிலிருந்து மணி அடிக்கும். ஓரடி என்றால் "கவனி". மூன்று அடி, சற்று இடைவெளி, பிறகு ஓரடி என்றால் "சாதாரணப் பயணிகள் றெயில் வரலாமா?" நான்கு அடி விரைவு றெயிலுக்கு. வரலாம் என்றால் அதே மணியைத் திருப்பி அடிப்பார். இரண்டு அடி என்றால் றெயில் தன் பகுதியிலிருந்து புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம். ஆறு அடி என்றால் ஆபத்து, எல்லாவற்றையும் நிறுத்து. ஒவ்வொன்றையும் நேரத்தோடு புத்தகத்தில் எழுத வேண்டும்.

பிறகு கேற்றை இறக்குவார். முதலில் மஞ்சள் வெளிச்சம், பிறகு இரண்டு சிவப்பு மாறி மாறி மின்னும், பிறகு கேற் இறங்கும். இறங்கியதும் வேலை முடிந்துவிடாது. உள்ளே ஆளோ வண்டியோ அகப்பட்டிருக்கிறதா என்று அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். தூரத்திலுள்ள கேற்றுகளை இதேபோல் ரீவித் திரையில் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். காலி என்று கண்டபிறகு அதற்கென உள்ள பொத்தானை அழுத்துவார். அதன் பிறகுதான் சிக்னலின் பூட்டுத் திறக்கும், பச்சை கொடுக்கலாம். அதுவரை றெயிலுக்குச் சிவப்பு.

இதைக் கேட்டபோதுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. இந்த மனிதர் எங்களை மட்டும் மறிக்கவில்லை. நாங்கள் கடந்து முடிந்துவிட்டோம் என்று காணும்வரை, எங்களுக்காக றெயிலையும் மறித்து வைத்திருக்கிறார். சென்றிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

ஏன் இவ்வளவு முன்னதாகப் பூட்டுகிறார்கள் என்று கேட்டோம். மணிக்கு 100 மைல் வேகத்தில் வரும் றெயில் நிற்க ஒரு மைல் வரை தேவைப்படலாம். ஆகவே சாரதி தூரத்திலேயே பச்சையைக் காண வேண்டும். அதற்கு அதைவிட முன்னமே கேற் பூட்டியிருக்க வேண்டும். ஒரு றெயில் போன பின்னும் கேற் எழும்பாவிட்டால் இன்னொன்று வருகிறது என்றுதான் அர்த்தம். 2005 மார்கழி 3 ஆம் திகதி எசெக்ஸில் எல்சன்ஹம் ஸ்ரேசனில் 13, 14 வயதுப் பிள்ளைகள் இருவர் இறந்தது இப்படித்தான். சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. நடந்து போகிறவர்களுக்கான சிறு கதவு பூட்டப்பட்டிருக்கவில்லை. ஒரு றெயிலைக் கண்டவர்கள் மற்றதை எதிர்பார்க்கவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

சிக்னல்காரரும் மனிதர்தான், மறதி வரும். 2010 தை 16 ஆம் திகதி ஹெரிபோட்ஷயரில் மோர்ட்டன்-ஒன்-லக் என்னும் இடத்தில், பண்ணைக் கடவையொன்றிலிருந்து வந்த ரெலிபோனுக்குப் பதில் சொல்லி முடித்த சிக்னல்காரர், றெயில் வருவதை மறந்து கேற்றைத் தூக்கிவிட்டார். கடந்த கார்கள் மீது றெயில் மோதி ஒரு பெண் இறந்தார். றெயில் நெருங்கும்போது கேற்றைத் தூக்க முடியாமல் செய்யும் பூட்டு அங்கே இருக்கவில்லை, இருந்திருந்தால் அந்த மறதி ஓர் உயிரை எடுத்திராது என்று விசாரணையில் தெரியவந்தது. 2013 இல் சிக்னல்காரருக்கும் தண்டம், றெயில் பாதை நிறுவனத்துக்கும் தண்டம். பக்டரியில் மெஷினுக்குப் பாதுகாப்பு மூடி இல்லாமல் கை போனால் "கவனமில்லாதவன்" என்று எங்களைத்தான் சொல்வார்கள். ஆளும் தவறலாம், ஆனால் மூடி போடாதவருக்கும் பொறுப்பு உண்டு. இதை நாங்கள் அங்கே கற்றுக்கொண்டோம்.

இன்னொன்று களைப்பு. 1988 மார்கழி 12 ஆம் திகதி இலண்டன் கிளப்பம் சந்தியில் 35 பேர் இறந்தார்கள். காரணம், சிக்னல் வயர் வேலையில் நடந்த பிழை. அந்த வேலையைச் செய்தவர் 13 கிழமைகளில் ஒரேயொரு நாள்தான் லீவு எடுத்திருந்தார். அதன்பின் இந்த வேலைகளுக்கு மணித்தியால எல்லை வந்தது: ஒருமுறைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் இல்லை, இரண்டு முறைக்கு இடையில் 12 மணித்தியால ஓய்வு. பகல் பக்டரி, இரவு பெற்றோல் நிலையம் என்று ஓடுகிற எங்களை அப்படி யார் தடுக்கிறார்கள்? அந்தக் களைப்போடுதான் விடியற்காலையில் கேற்றடிக்கு வருகிறோம்.

இனி நீங்கள் தெரிந்திருக்க வேண்டியவை.

எல்லாக் கேற்றும் ஒரே மாதிரி அல்ல. றோட்டின் பாதியை மட்டும் மறிக்கும் கம்பம் இருந்தால் அது தானாக இயங்குவது. அங்கே யாரும் உங்களைப் பார்த்துக்கொண்டு றெயிலை மறித்து வைப்பதில்லை. வெளிச்சம் மின்னத் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகாமல் றெயில் வந்துவிடலாம். அந்தக் கம்பத்தைச் சுற்றி வளைத்துக் காரை ஓட்டுவது சாவோடு பந்தயம்.

கார் தண்டவாளத்தில் நின்றுவிட்டால் முதலில் எல்லோரும் இறங்கித் தூரப் போங்கள். சாமானைப் பார்க்க வேண்டாம். உடனே அங்கேயுள்ள ரெலிபோனிலோ, நீலப் பலகையில் போட்டிருக்கும் இலக்கத்திலோ கூப்பிடுங்கள். கேற்றின் பெயரும் அதே பலகையில் இருக்கும். பெயரைச் சொல்லுங்கள், கார் தண்டவாளத்தில் என்று சொல்லுங்கள். உடைந்த ஆங்கிலம் போதும். பண்ணை வேலைக்குப் போகிறவர்கள் ரெலிபோன் வைத்த கடவைகளைக் காண்பீர்கள். கூப்பிட்டு என்ன வண்டி, கடக்க எவ்வளவு நேரம் வேண்டும் என்று சொல்லிச் சம்மதம் கிடைத்த பிறகே கடக்க வேண்டும். விளங்காவிட்டால் "ஓம்" என்று சொல்லிவிடாதீர்கள். திருப்பிச் சொல்லும்படி கேளுங்கள். அதற்காக அவர்கள் கோபிப்பதில்லை, அதைத்தான் அவர்கள் விரும்புகிறார்கள்.

இந்த வேலை எங்களுக்கும் கிடைக்குமா என்று இளையவர் கேட்டார். அகதி அந்தஸ்துக் கிடைத்து வேலை செய்ய உரிமை உள்ளவர் விண்ணப்பிக்கலாம், பட்டம் தேவையில்லை என்றார். கண்ணும் காதும் நன்றாக இருக்க வேண்டும், நிறம் பிரித்தறிய வேண்டும், கவனச் சோதனையில் தேற வேண்டும், தெளிவாகப் பேச வேண்டும். வகுப்பில் படிப்பு, பிறகு அனுபவசாலியோடு பெட்டியில் பயிற்சி, அந்தப் பெட்டிக்கென ஒரு பரீட்சை. எங்கள் இளையவர் இப்போது மாலை ஆங்கில வகுப்புக்குப் போகிறார். கிடைக்குமோ தெரியாது. போகிறார்.

ஊரை நினைக்காமல் முடிக்க மனமில்லை. றெயில் திரும்பி வந்த வடக்கில் காவலில்லாத கடவைகளில் பல உயிர்கள் போயின. பொலிஸ் மூலம் அமர்த்தப்பட்ட கேற்காரர்கள் நாளொன்றுக்கு 250 ரூபாவுக்கு வெயிலிலும் மழையிலும் நின்றார்கள். நிரந்தர வேலை கேட்டுப் போராடவும் வேண்டியிருந்தது. இங்கே பூட்டும் மணியும் செய்கிற வேலையை அங்கே ஒரு பெடியன் கையால் செய்கிறான். ஊருக்குப் போகும் வழியில் அவன் கையைக் காட்டினால் நின்று போங்கள்.

எங்கள் காரில் இப்போது ஒரு சட்டம். பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுவது. பதறாத காரியம் சிதறாது. கேற் இறங்கினால் என்ஜினை நிறுத்திவிட்டுப் பிளாஸ்கில் உள்ள தேத்தண்ணியை ஊற்றுகிறோம். மேல் யன்னலில் வெளிச்சம் தெரியும். இளையவர் கையை உயர்த்துவார். சிலவேளை மேலேயிருந்தும் ஒரு கை உயரும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.