கூகுள் இல்லாத போன் பெரம்பலூருக்கு ஒத்து வருமா?

சின்ன வெங்காயத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் பெயர்போனது பெரம்பலூர். பக்கத்தில் சிமெண்ட் ஆலைகள் சூழ்ந்த அரியலூர். இரண்டு மாவட்டத்திலும் ஸ்மார்ட்போன் என்றால் பெரும்பாலும் ஆண்ட்ராய்டுதான். கூகுளை விட்டால் வேறு கதியே இல்லையா என்று யாராவது கேட்டால், "ஏன், பார்ஓஎஸ் இருக்கிறதே!" என்று பதில் வருவதுண்டு.

சென்னை ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த ஜேண்ட்கே ஆபரேஷன்ஸ் என்ற நிறுவனம் 2023 ஜனவரியில் அதை அறிமுகப்படுத்தியது. பெருமைப்பட வேண்டிய முயற்சிதான். ஆனால் அதன் அடித்தளமும் கூகுள் வளர்த்த ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலே. மேலும், ரகசியம் காக்க வேண்டிய நிறுவனங்களுக்கானது என்றுதான் அப்போதே சொன்னார்கள். வெங்காயம் விற்கும் விவசாயியின் கைக்கு வருவதற்காக அது செய்யப்படவில்லை.

உண்மையில் கிராமம் வரை வந்த மாற்று வேறு. 2014இல் சுமார் 2000 ரூபாய்க்கு இன்டெக்ஸ் வெளியிட்ட போனில் ஃபயர்பாக்ஸ் ஓஎஸ் இருந்தது. மெதுவோ மெதுவு... சீக்கிரமே மொசில்லாவும் கைவிட்டது. ஆனால் அதே நிரலிலிருந்து பிறந்த கைஓஎஸ், 2017இல் 1500 ரூபாய் வைப்புத்தொகையில் வந்த ஜியோபோனில் ஏறி கோடிக்கணக்கானவர்களிடம் போய்ச் சேர்ந்தது. யாரும் ஓஎஸ் பெயரைக் கேட்டு வாங்கவில்லை, விலையைப் பார்த்து வாங்கினார்கள். பிறகு 2025இல் வாட்ஸப் அதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. வாட்ஸப் இல்லாத போனை வைத்து மண்டிக்காரரிடம் எப்படிப் பேசுவது?

லினியேஜ் ஓஎஸ் போன்றவை இன்னொரு வழி. கம்பெனி கைவிட்ட பழைய போனுக்குப் புதிய ஆண்ட்ராய்டும் பாதுகாப்புத் திருத்தங்களும் கிடைக்கும், செலவும் இல்லை. திருத்தமே வராத பழைய போனில் பணம் அனுப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். சிக்கல் என்னவென்றால், இப்படி மாற்றிய போனில் பல வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கின்றன. எதற்காக மாற்றினாரோ அதுவே வேலை செய்யாது!

ஆகவே மாற்று ஓஎஸ் எழுதுவதைவிட, செயலி இல்லாமலும் சேவை கிடைக்கச் செய்வதுதான் அவசரம். சாதாரண போனில் பணம் அனுப்ப 2022 மார்ச்சில் வந்த யுபிஐ 123பே அப்படி ஒரு நல்ல வழி. உழவன் செயலியில் உள்ள மானியப் பதிவும் சந்தை விலையும் எந்தப் பிரவுசரிலும் எளிதாகக் கிடைக்க வேண்டும்.

அதுவரை, லினியேஜை முயன்று பார்க்க ஆசைப்படும் கல்லூரி மாணவர்கள் மூலையில் கிடக்கும் பழைய போனில் ஏற்றிப் பார்க்கலாம். அப்பாவின் போனில் மட்டும் வேண்டாம்.